யார் வீட்டு முற்றத்தில் கூடாரம்?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் சின்னப் படகில் தீவு தீவாகச் சுற்றி, கூடாரம் அடித்துத் தங்கியவர்களின் நினைவுக் குறிப்புகளில் அலை, மழை, மிட்ஜ் பூச்சிக்கடி மூன்றும் தவறாமல் வந்துவிடும். கூடவே, மனித வாடையே இல்லாத தீவில் தங்கினோம் என்ற பெருமையும் வரும். முதல் மூன்றில் யாரும் குறை சொல்ல முடியாது. வில்லங்கம் நான்காவதில்தான்.

இந்தப் பயணக்காரர்களின் துணிச்சல் சாதாரணமானதல்ல. ஃபிராங்க் டை என்பவர் 1963-ல், பதினாறு அடி நீளமுள்ள ‘வேஃபேரர்’ வகைத் திறந்த பாய்ப்படகில், ஒரே ஒரு துணையோடு ஸ்காட்லாந்தின் கின்லாக்பெர்வியிலிருந்து ஐஸ்லாந்துக்கே போய்ச் சேர்ந்தார். எல்லோருக்கும் அப்படி அமைந்துவிடுவதில்லை. ஜூரா தீவில் தங்கி ‘1984’ நாவலை எழுதிக்கொண்டிருந்த ஜார்ஜ் ஆர்வெல், 1947 ஆகஸ்டில் தீவின் மறுகரையில் முகாமிட்டுவிட்டுச் சிறு படகில் வீடு திரும்பினார். உடன் அக்காள் பிள்ளைகள் இருவரும் மூன்று வயது வளர்ப்பு மகனும் இருந்தார்கள். ஓதக் கணக்கைத் தவறாகப் பார்த்ததால் படகு கொரிவ்ரெக்கன் சுழிப் பகுதியில் மாட்டிக்கொண்டது. அவுட்போர்டு மோட்டார் பிய்ந்து கடலில் விழ, துடுப்பு வலித்து ஒரு பாறைத் திட்டை எட்டினார்கள். இறங்கும் நேரத்தில் படகு கவிழ்ந்தது. சில மணி நேரம் கழித்து அந்த வழியாக வந்த சிங்கி இறால் படகுக்காரர்கள் காப்பாற்றியிராவிட்டால் அந்த நாவல் நமக்குக் கிடைத்திருக்காது.

ஆனால் நாளாந்தப் பாடு சுழியோடு அல்ல, கரையோடு. இந்த மேற்குக் கரையை ஒட்டிய ஹெப்ரிடிஸ் தீவுகளில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் நான்கு மீட்டர் வரை ஏறி இறங்கும். ஏற்றத்தில் கரை தொட்டுக் கட்டிய படகு, தேநீர் காய்ச்சிக் குடித்துவிட்டு வருவதற்குள் பாறைகள் நடுவே தரைதட்டி நிற்கும். அடுத்த ஏற்றம் வரை காத்திருக்க வேண்டும்; இல்லையென்றால் பாசி படிந்து வழுக்கும் கற்கள்மேல் அதை அங்குலம் அங்குலமாக இழுக்க வேண்டும். காற்று திசை மாறினால் இறங்கிய துறையிலேயே மறுபடி ஏற முடியாது. பயணக்காரர்கள் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார்கள். அங்கே குடியிருந்தவர்களுக்கோ இதே கஷ்டம்தான் ஊரைவிட்டுப் போகக் காரணமானது.

பாரா தீவுக்குத் தெற்கே உள்ள மிங்குலேயை எடுத்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் நூற்றைம்பது பேர் வரை வாழ்ந்த ஊர். பத்திரமாகப் படகு கட்ட ஒரு துறை கிடையாது. கடல் கொந்தளித்தால் வாரக்கணக்கில் தபாலும் வராது, பாதிரியாரும் வர மாட்டார். சரக்கு இறக்க அரசு ஒரு பளுதூக்கியை நிறுத்திக் கொடுத்தும் பெரிதாகப் பயனில்லை. 1912-ல் ஊர் காலியானது. இன்று மணல் பாதி மூடிய கல்வீடுகள் நிற்கின்றன. 1930 ஆகஸ்ட் 29 அன்று கடைசி 36 பேரும் கப்பலேறிய செயின்ட் கில்டா தீவுகளை உலகமே அறியும். மிங்குலேயை அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை.

மிங்குலேக்காரர்கள் சும்மா போய்விடவில்லை. பக்கத்து வாட்டர்சே தீவு முழுவதும் ஒரே பண்ணையாக, சீமாட்டி கார்டன் கேத்கார்ட் என்ற நிலவுடைமையாளர் கையில் இருந்தது. நிலமில்லாத பாரா, மிங்குலே மீனவர்கள் அங்கே போய்க் குடிசை போட்டு உருளைக்கிழங்கு நட்டார்கள். நீதிமன்றத் தடையை மீறினார்கள் என்று 1908-ல் பத்துப் பேருக்கு எடின்பரோவில் சிறை. எதிர்ப்பு வலுத்ததும் மறு ஆண்டே அரசு வாட்டர்சேயை விலைக்கு வாங்கிப் பங்கிட்டுக் கொடுத்தது.

அன்று குடிசை போட்டவனுக்குச் சிறை கொடுத்த நாட்டில் இன்று கூடாரம் போடுவது எவருக்கும் உரிமை. 2003-ல் இயற்றி 2005-ல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், வேலியடைக்காத பெரும்பாலான நிலத்தில் முன்அனுமதி கேட்காமல் தங்க இடம் கொடுக்கிறது. சிறு கூட்டமாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுக்கு மேல் கூடாது. தடயம் விடக் கூடாது. மனிதர்களை நம்பி எழுதிய அருமையான சட்டம். அதைக் குறுக்க யார் முயன்றாலும் எதிர்க்கத்தான் வேண்டும்.

அதே சமயம், கூடாரத்துக்கு வாகாக அமைந்த சமதளமான பச்சைத் திட்டு பல தீவுகளில் இயற்கை தந்ததல்ல. தலைமுறை தலைமுறையாகக் கடற்பாசியை முதுகில் சுமந்து வந்து கொட்டி உரமேற்றிய வயல் அது. அங்கே படுத்தெழுந்துவிட்டுக் ‘கன்னி நிலம்’ என்று எழுதுவது அறியாமை; அதற்கு மேலேயும் கொஞ்சம். வேறு மாதிரி எழுத முடியாதா என்றால், முடியும். கட்டிடக் கலைஞரும் பாய்ப்படகோட்டியுமான ஹேமிஷ் ஹாஸ்வெல்-ஸ்மித் 1996-ல் வெளியிட்ட ஸ்காட்லாந்துத் தீவுகள் நூலில், நங்கூரம் போடத் தோதான இடம் எது, அந்தத் தீவில் யார் வாழ்ந்தார்கள், எப்போது போனார்கள் எல்லாம் சேர்ந்தே இருக்கும். படகில் ஏற்றும் சாமான்களில் அப்படியொரு புத்தகத்துக்கும் இடம் ஒதுக்கலாம். எடை அதிகம்தான், நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.