மேற்கோள் எண்ணிக்கை ஆய்வாளரின் எடை ஆகாது

ஒரு புற்றுநோய் ஆய்வாளரின் தகுதி என்ன என்று கேட்டால் இன்று மூன்று எண்களை நீட்டுகிறார்கள்: எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், ஹெச்-இன்டெக்ஸ் எவ்வளவு (தலா இருபது முறையாவது சுட்டப்பட்ட கட்டுரைகள் இருபது இருந்தால் அது 20). வேலையும் பதவி உயர்வும் ஆய்வுநிதியும் இவற்றைப் பார்த்தே முடிவாகின்றன. எண்ணுக்கு வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது, ஆகவே இதுதான் நியாயமான அளவுகோல் என்பது வாதம். இந்த வாதம் தவறு. புற்றுநோய் ஆராய்ச்சியில் ஆபத்தானதும்கூட.

மேற்கோள் அதிகமானால் தாக்கம் அதிகம் என்பது முதல் கூற்று. அமெரிக்கப் புற்றுநோய்க் கழகம் வெளியிடும் ஆய்விதழ் ஒன்றின் தாக்கக் குறியீடு, அதாவது அதன் ஒரு கட்டுரைக்குக் கிடைக்கும் சராசரி மேற்கோள், சில ஆண்டுகளில் 200-ஐயும் தாண்டியது. மருத்துவ உலகின் புகழ்பெற்ற இதழ்கள் பலவும் அதன் அருகில்கூட வர முடியவில்லை. காரணம் எளியது. எத்தனை பேருக்குப் புற்றுநோய் வருகிறது, எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற புள்ளிவிவரத்தை அது தொடர்ந்து வெளியிடுகிறது. புற்றுநோய் பற்றி எழுதும் எவரும் முதல் வரியிலேயே அதைச் சுட்டுகிறார்கள். அந்தப் புள்ளிவிவரம் மிகவும் தேவையான பணி. ஆனால் அதே தராசில் ஓர் அரிய புற்றுநோயின் காரணத்தைத் தேடுபவரை நிறுத்தினால், அவர் தோற்பது அவருடைய குறையல்ல.

நல்ல ஆய்வென்றால் சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிடும் என்கிறார்கள். பெய்டன் ரௌஸ் 1911-இல், கோழியின் புற்றுக்கட்டியை அரைத்து, செல்களை வடிகட்டிய பிறகும் எஞ்சும் சாற்றால் அந்த நோயை வேறு கோழிக்குக் கடத்த முடியும் என்று காட்டினார். பெரும்பாலோர் நம்பவில்லை. நோபல் பரிசு 1966-இல் வந்தபோது அவருக்கு வயது 87.

தாக்கம் என்றால் என்ன என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டத்தைப் பார்க்கச் சொல்வேன். ஆர். சங்கரநாராயணனும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் அங்கே ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, வெண்மை தோன்றுகிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். பெரிய ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை, வாரக்கணக்கில் காத்திருக்கவும் தேவையில்லை. 31,343 பெண்கள் பரிசோதிக்கப்பட்டார்கள். 2007-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: பரிசோதனை நடக்காத ஒப்பீட்டுப் பகுதிகளைவிட, அது நடந்த பகுதிகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் ஏற்படும் மரணம் 35 விழுக்காடும் குறைந்திருந்தன. ஏழை நாடுகளுக்கு ஏற்ற பரிசோதனை முறை இருக்கிறது என்பதற்கு அது சான்றானது. இந்தக் கட்டுரையைச் சுட்டியவர்களை எண்ணிவிடலாம். அது யாருடைய உயிரைக் காத்தது என்பது எந்த மேற்கோள் பட்டியலிலும் ஏறாது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இத்தகைய இந்திய ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழுப் பெண்களுக்குப் பரிசோதனை தராமல் விட்டது அறமா என்ற கடுமையான விவாதம் பின்னர் எழுந்தது. கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆனால் எண்ணிக்கையில் கண்டனமும் ஒரு மேற்கோள், பாராட்டும் ஒரு மேற்கோள்.

பலர் சுட்டியது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கைதான் மிகவும் கேடானது. டியூக் பல்கலைக்கழகத்தின் அனில் போட்டியும் குழுவும், மரபணுத் தடத்தைப் பார்த்து எந்த மருந்து எந்த நோயாளிக்கு வேலை செய்யும் என்று கணிக்கலாமென 2006-இல் எழுதினார்கள். பெரிய இதழ், பெரும் வரவேற்பு. அதை நம்பி நோயாளிகளிடம் சோதனைகளும் தொடங்கின. கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் தரவைத் தோண்டி, வரிசைகள் நகர்ந்திருப்பதையும் பெயர்கள் மாறியிருப்பதையும் கண்டார்கள். 2010-இல் சோதனைகள் நின்றன, 2011-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, 2015-இல் அமெரிக்க அரசு அமைப்பு முறைகேட்டை உறுதி செய்தது. பிறர் தவறைத் தோண்டிய அந்த உழைப்புக்கு ஹெச்-இன்டெக்ஸ் என்ன கூலி தரும்? அந்த நேரத்தில் அவர்கள் சொந்தமாகப் பல கட்டுரைகளை எழுதியிருக்கலாம். நோயாளிகளுக்கு எது தேவைப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஹெச்-இன்டெக்ஸை 2005-இல் முன்மொழிந்த இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் தாமே பிற்காலத்தில் அதன் தீய விளைவுகளை எச்சரித்து எழுதினார்.

எண்ணை எடுத்துவிட்டால் சிபாரிசுதான் ஆளும் என்பது கடைசி வாதம், அதில் பொருளும் உண்டு. சிபாரிசின் கொடுமையை நம் ஊரில் விளக்கத் தேவையில்லை. ஆனால் அதற்கு மாற்று, படிப்பது. 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம், இதழின் தாக்கக் குறியீட்டை வைத்து ஆளை எடைபோடாதீர்கள், ஆய்வின் உள்ளடக்கத்தைப் பாருங்கள் என்றது. விண்ணப்பதாரர் தம் சிறந்த ஐந்து கட்டுரைகளைக் கொடுக்கட்டும். குழுவினர் அவற்றைப் படித்து, என்ன கண்டார், அதைப் பிறர் சரிபார்த்தார்களா, சிகிச்சையில் எது மாறியது என்று எழுதிக் கையெழுத்திடட்டும். அதை விண்ணப்பதாரரிடமும் காட்டட்டும்.