ஐயருக்கு யாரு ஜெபம் பண்ணுவா?

போன ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல கூப்பிட்டேன். ஊர்ல ராத்திரி பத்து மணி. வழக்கமா "சாப்டியாய்யா? கோயிலுக்குப் போனியா?"ன்னு ரெண்டு கேள்வி கேட்டுட்டு அம்மாகிட்ட போனைக் கொடுத்துருவாங்க. அன்னிக்குக் கொடுக்கலை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "இன்னிக்குப் பிரசங்கத்துல ஊருக்கே ஆறுதல் சொன்னேன். எனக்கு ஒண்ணும் ஒட்டலைய்யா"ன்னாங்க.

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. "சரியாயிடும்ப்பா"ன்னு ஏதோ உளறிட்டு வச்சுட்டேன். அந்த வெக்கத்துலதான் இதை எழுதுறேன்.

அப்பா திருநெல்வேலிப் பக்கம் ஒரு சேகரத்துல போதகர். (எங்க பக்கம் சி.எஸ்.ஐ. போதகரை 'ஐயர்'னுதான் கூப்பிடுவோம், குழம்பிக்காதீங்க.) முந்தின நாள் காலைல மூணு வயசுப் பிள்ளைக்கு அடக்க ஆராதனை. காய்ச்சல்ல போன பிள்ளை. அதுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் அப்பாதான். சாயங்காலமே இன்னொரு ஊர்ல கல்யாணம். அங்கே போய் சிரிச்சுக்கிட்டே போட்டோவுக்கு நிக்கணும். நடுவுல கமிட்டிக்காரர் ஒருத்தர் போன் பண்ணி அசனத்துக்கு அரிசி வாங்கின கணக்கு கேட்டிருக்கார். காலைல குழிமேட்டுல நின்ன மனுசன்கிட்ட!

குருமனையில வளர்ந்தவங்களுக்கு இதெல்லாம் புதுசு இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவு தட்டுவாங்க. புருஷன் பொண்டாட்டி சண்டை, ஆஸ்பத்திரி, கடன், எல்லாம் நம்ம வராந்தாவுக்குத்தான் வரும். வந்தவங்க கொட்டிட்டுப் போயிருவாங்க. கேட்டவர் அதை எங்கே கொட்டுவார்? சபையில ஒருத்தர்கிட்ட சொன்னா மறுநாள் ஊர் முழுக்கத் தெரியும். மேலிடத்துல சொன்னா மாற்றல் வரும்னு பயம். வீட்டுல சொன்னா அம்மா தூங்க மாட்டாங்க. அதனால யார்கிட்டயும் சொல்றதில்லை.

நான் படிக்கிறது லண்டன்ல. எலிஃபன்ட் அண்ட் காசில் ஸ்டேஷன் பக்கத்துல மெட்ரோபாலிட்டன் டேபர்னக்கிள்னு பெரிய தூண் வச்ச ஒரு சபை இருக்கு. சார்லஸ் ஸ்பர்ஜன் 1861-ல திறந்தது. பிரசங்கிகளோட இளவரசன்னு இவரைத்தான் சொல்லுவாங்க. ஆனா அவரோட இன்னொரு பக்கத்தைப் பத்தி நம்ம மேடைகள்ல நான் கேட்டதே இல்லை.

1856 அக்டோபர் 19. அவருக்கு வயசு 22. சர்ரே கார்டன்ஸ் மியூசிக் ஹால்ல பல ஆயிரம் பேர் கூடியிருந்தப்போ யாரோ "தீ! தீ!"ன்னு கத்தியிருக்காங்க. தீயே இல்லை. நெரிசல்ல 7 பேர் செத்துட்டாங்க. சில நாள் அவரால எழும்பவே முடியலை. மனச்சோர்வு 1892-ல சாகுற வரைக்கும் விட்டு விட்டு வந்துகிட்டே இருந்துது. அவர் அதை மறைக்கலை, பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்சது. போதகராப் போற மாணவர்களுக்கு நடத்தின வகுப்புல, ஊழியக்காரனுக்கு இப்படி மயக்கம் வரும், வந்தா ஆச்சரியப்படாதீங்கன்னு தனியா ஒரு பாடமே எடுத்தாரு. 1875-ல அது புத்தகமா வந்துது. அவர் மனைவி சுசன்னா அதைப் படிச்சுட்டு, சேர்த்து வச்ச காசைப் போட்டு 100 பிரதி வாங்கி, வசதியில்லாத போதகர்களுக்கு அனுப்பினாங்க. அந்தம்மாவே பாதி நாள் நோயாளி. அப்படி ஆரம்பிச்ச புத்தக நிதியை கடைசி வரைக்கும் நடத்தினாங்க.

"ஊழியத்துக்கு வந்தாச்சு, சிலுவை சுமந்துதானே ஆகணும்?"னு கேக்குறவங்க இருக்காங்க. வேதத்தைத் திறந்து பாருங்க. எலியா சூரைச்செடிக்குக் கீழே போய், போதும் ஆண்டவரே, செத்துப்போறேன்னு படுத்துட்டார். தேவதூதன் வந்து விசுவாசம் பத்திப் பிரசங்கம் பண்ணலை. தூங்க விட்டு, தட்டி எழுப்பி, அடையும் தண்ணியும் கொடுத்தான். அதுவும் ரெண்டு தடவை. மோசே என்னால தனியா சுமக்க முடியலைன்னு புலம்பினப்போ 70 பேரைக் கூட நிறுத்தினார் கடவுள். பவுல் ஜெயில்ல இருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, என் மேலங்கியையும் புத்தகங்களையும் எடுத்துட்டு வான்னு கேக்குறார். குளிருது, தனியா இருக்கேன், அவ்வளவுதான் விஷயம்.

டி.வி.யில வர்ற பணக்காரப் பிரசங்கிகளைக் காட்டி, "இவங்களுக்கென்ன குறை?"னு நீங்க கேக்கலாம். கேள்வி நியாயம்தான். ஆனா அவங்களைப் பார்த்துட்டு, பைக்குல ஏழு ஊர் சுத்துற கிராமத்துப் போதகரை எடை போடாதீங்க.

என் கருத்து இதுதான். வருஷத்துக்கு ஒரு தரம் பொன்னாடை போர்த்துறது உற்சாகப்படுத்துறது ஆகாது. வாரத்துல ஒரு நாள், அவசரம்னா ஒழிய, குருமனைக் கதவைத் தட்டாம விடுங்க. ஒரு சாவு நடத்திட்டு வந்தவர்கிட்ட அன்னிக்கே கணக்கு கேக்காதீங்க. துக்க வீட்டுக்கு அவர் கூட ரெண்டு பேர் போங்க. போதகருக்கு மனச்சோர்வுன்னா டாக்டர்கிட்ட போறதை விசுவாசக் குறைன்னு பேசாதீங்க. முக்கியமா, "ஐயா, நீங்க எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் நில்லுங்க.

நேத்து நான் மறுபடி கூப்பிட்டேன். "அப்பா, அந்தப் பிள்ளையைப் பத்திச் சொல்லுங்க"ன்னேன். நாப்பது நிமிஷம் பேசினாங்க. முடிவுல, "நான் ஜெபம் பண்ணட்டுமா?"ன்னு கேட்டேன். இருபத்தினாலு வருஷத்துல அப்பாவுக்காக நான் வாய்விட்டு ஜெபம் பண்ணினது இதுதான் முதல் தடவை. நடுவுல ரெண்டு தடவை திக்கிட்டேன். முடிச்சதும் அப்பா "ஆமென்"னு சொல்லிட்டு, "சாப்டியாய்யா?"ன்னாங்க.

உங்க ஊர் ஐயர்கிட்ட, பாஸ்டர்கிட்ட, ஃபாதர்கிட்ட கடைசியா எப்போ நலம் விசாரிச்சீங்க? சொல்லுங்க மக்கா.