தூணில் ஆடும் பெருமான்

செஞ்சிக் கோட்டைக்கு 2025ஆம் ஆண்டு ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னம் என்னும் பெருமை கிடைத்தது. அப்பட்டியலில் இடம்பெற்ற 12 மராட்டியர் காலக் கோட்டைகளுள் தமிழகத்தைச் சேர்ந்தது அது ஒன்றே. இனி அங்கு வருவோர் தொகை பெருகும். அவர்களுள் சிலரேனும் வடக்கே, தேசூரை அடுத்த சீயமங்கலத்திற்கும் வருவார்களாயின் நன்று.

7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவர் இவ்வூர்ப் பாறையைக் குடைந்து சிவபெருமானுக்குக் கோயில் எடுத்தார். ‘அவனிபாஜன பல்லவேசுவரம்’ என்று கல்வெட்டு அதற்குப் பெயர் சொல்கிறது. ‘அவனிபாஜனன்’ மன்னரின் விருதுப்பெயர்களுள் ஒன்று. மூலவர் இன்று தூணாண்டார் என வணங்கப்பெறுகிறார். முகப்புத் தூணின் மேற்பகுதியில் பெருமான் ஒரு காலைத் தூக்கி ஆடும் சிறு சிற்பம் உள்ளது. அருகே நாகம் படமெடுக்கிறது. தமிழகத்தில் கல்லில் வடித்த ஆடல்வல்லான் உருவங்களுள் இதுவே மிகப் பழையது என்பது அறிஞர் பலர் கருத்து. சோழர் செப்புத் திருமேனிகளுக்குச் சில நூற்றாண்டுகள் முந்தையது! மலைமேல் சமணத் திருவுருவங்களும், கங்க மன்னன் இராசமல்லன் காலக் கல்வெட்டும் உள்ளன.

இத்தகைய மலைகளைக் காப்பவர் யார்? மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை நினைக்கிறேன். அங்கும் குடைவரைச் சிவன் கோயில், சமணர் படுக்கை, சுனைகள், பறவைகள். 2022இல் அது தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. சுற்றுவட்டார மக்கள் கிராம சபைகளில் தீர்மானம் இயற்றினர். வீதியில் இறங்கிப் போராடினர். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. அறிவிப்புப் பலகை மட்டும் மலையைக் காத்திருக்குமா என்பது ஐயமே.

சீயமங்கலத்திலும் ஊரார் கையில் பொறுப்பும் பயனும் இருத்தல் வேண்டும் என்பது என் துணிபு. வழிகாட்ட உள்ளூர் இளைஞர், உணவளிக்க உள்ளூர்ப் பெண்கள், வரும் தொகையில் ஒரு பங்கு மலைத் தூய்மைக்கு என ஊர்க்கூட்டமே விதி வகுக்கலாம். வங்கியில் கணக்கெழுதிய பழக்கத்தால் ஒன்று சேர்ப்பேன்: வரவு செலவை ஆண்டுதோறும் கிராம சபையில் படித்துக் காட்டவேண்டும்.

செல்லும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பக்திப் பெருக்கில் தூண் சிற்பத்தின்மீது திருநீறோ எண்ணெயோ பூசாதீர்கள். குடைவரைக்குள் கற்பூரம் ஏற்றாதீர்கள். புகையும் பிசுக்கும் கல்லின் நுண்மையை மறைத்துவிடும். தரிசனத்திற்கு மலையேற வேண்டியதில்லை; முழங்கால் வலியுள்ளோரும் தயங்காமல் செல்லலாம்.