நிலமும் பொழுதும் இல்லாத லீக்

தொழில்முறை விளையாட்டு லீகுகள் வட்டார அடையாளத்தை வளர்க்கின்றன என்னும் வாய்பாடு நம் கருத்தரங்கக் கட்டுரைகளில் அடிக்கடி தலைகாட்டுகிறது. அணிக்கு ஊர்ப்பெயர் இருக்கிறது. ஆகவே அணி ஊருடையது. ஆகவே ஊர் அந்த அணியில் தன்னைக் காண்கிறது. இவ்விரு 'ஆகவே'களுக்கும் சான்று எங்கே என்று எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. இந்தியத் தேசியக் கூடைப்பந்து லீகின் முதல் பருவத்தை முன்வைத்து நான் கேட்கிறேன்.

2022 அக்டோபரில் தொடங்கி 2023 ஜனவரியில் முடிந்த பருவம் அது. சென்னை ஹீட், கொச்சி டைகர்ஸ், பெங்களூரு கிங்ஸ், மும்பை டைட்டன்ஸ், இவற்றோடு டெல்லியின் பெயரிலும் சண்டிகரின் பெயரிலும் ஒவ்வோர் அணி. கொச்சி, ஜெய்ப்பூர், புனே ஆகிய ஊர்களில் சுற்றுகள் நடந்தன. ஜெய்ப்பூருக்கும் புனேவுக்கும் அந்த லீகில் அணியே கிடையாது. கொச்சி தன் அணியைத் தன் மண்ணில் பார்த்தது. பட்டம் வென்றது சென்னை ஹீட். தன் ஊரில் ஓர் ஆட்டமும் நடவாமலேயே ஒரு நகரம் சாம்பியன் ஆயிற்று. அதைக் கொண்டாடும் கடமை சென்னைக்கு எப்படி வரும்?

என் ஊர் ஒற்றசேகரமங்கலம். 1956 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த கோடு விளவங்கோட்டைச் சென்னை மாநிலத்துக்குக் கொடுத்து, நெய்யாற்றின்கரையைக் கேரளத்தில் நிறுத்தியது. அந்தக் கோட்டின் இப்பக்கம், வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்தவர்க்கு 'நம் அணி' என்பது எளிய தொடர் அன்று. கேட்பவரையும் உள்ளடக்கும் 'நாம்' வேறு, அவரை விலக்கும் 'நாங்கள்' வேறு. மலையாளத்திலும் 'நம்மள்', 'ஞங்ஙள்' என இவ்வேறுபாடு உயிரோடிருக்கிறது. மேற்சொன்ன வாய்பாட்டின்படி எனக்கு இரண்டு அணிகள் வாய்த்திருக்க வேண்டும்: மொழியால் சென்னை, மாநிலத்தால் கொச்சி. ஒன்றும் வாய்க்கவில்லை. எங்கள் பக்கத்துப் பையன்களிடம் கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டை உண்டு. கொச்சி இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தும், பெருந்தொற்றுக் காலம் நீங்கலாக, பத்தாண்டுக் காலம் அந்த அணி தன் சொந்த ஆட்டங்களை அங்கே ஆடிவந்தது. அதனால் அந்தச் சட்டைக்குப் பொருள் பிறந்தது. கொச்சி டைகர்ஸின் சட்டை என்ன நிறம் என்று கேட்டால் அவர்களுள் ஒருவருக்கும் தெரியாது. அவர்களை நான் குறை கூறேன்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. விலங்கும் பறவையும் மரமும் பறையும் கருப்பொருள். அவை முதற்பொருளைச் சார்ந்து வருபவை. அகப்பாட்டின் இலக்கணத்தைக் கூடைப்பந்துக்குப் பொருத்துவது மிகை என்று சிலர் முறுவலிக்கலாம். ஆனால் பெயர்களைப் பாருங்கள்: டைகர்ஸ், ஸ்டாலியன்ஸ், ஃபால்கன்ஸ். புலியும் குதிரையும் பருந்தும் வந்துவிட்டன. அவை எந்த நிலத்தில், எந்தப் பொழுதில் உலவும் என்பதுதான் எவர்க்கும் தெரியவில்லை.

பொழுது என்றேன். 'சீசன்' என்ற சொல்லின் வேர் விதைப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல். விதைப்பு ஆண்டுதோறும் தன் முறைக்கு வரும். அதனால்தான் அது காலத்தின் பெயராயிற்று. நம் கூடைப்பந்து நிருவாகமோ இச்சொல்லை வேறொரு பொருளில் ஆள்கிறது. 2010 இல் இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு ஐஎம்ஜி–ரிலையன்ஸ் தரப்புடன் 30 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது; எதிர்பார்க்கப்பட்ட லீக் அதிலிருந்து பிறக்கவில்லை. பின்னர் தனியார் முயற்சியாக யுனைடெட் பாஸ்கெட்பால் அலையன்ஸ் வந்தது. 2015க்கும் 2017க்கும் இடையில் நான்கு 'சீசன்'களை நடத்தி முடித்துவிட்டு மறைந்தது. அதன்பின் கூட்டமைப்பின் சொந்த லீக், நான் மேலே சொன்ன முதல் பருவம். அடுத்த ஆண்டு அதே வடிவில் அது திரும்பவில்லை. 2025 இல் 25 வயதுக்குட்பட்டோர்க்கான லீகாக டெல்லியில் தலைகாட்டியபோது அணிப்பட்டியலில் ஐதராபாத், குஜராத், பஞ்சாப் இருந்தன. கொச்சி இல்லை, பெங்களூருவும் இல்லை. கொச்சி டைகர்ஸ் என்று ஓர் அணி இருந்து, இல்லாமற்போனது. துக்கம் கேட்க ஒருவரும் வரவில்லை.

நிலம் இல்லாவிட்டாலும் பொழுது காப்பாற்றும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் சான்று. 1975 இல் தொடங்கிய அந்நாட்டு லீகில் அணிகள் ஊர்ப்பெயரையே சூடுவதில்லை. சான் மிகேல், ஜினெப்ரா என்று மது நிறுவனங்களின் பெயர்களை ஒளிவுமறைவின்றிச் சுமக்கின்றன. ஆயினும் ஐம்பது ஆண்டுத் தொடர்ச்சியால் ஜினெப்ராவுக்காக அழுகிற குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. நாமோ ஊர்ப்பெயரை எடுத்துக்கொண்டு ஊரையும் கொடுக்கவில்லை, ஆண்டையும் கொடுக்கவில்லை.

இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் ஊரைக் காண மணிலா போக வேண்டியதில்லை. தேனி மாவட்டத்துப் பெரியகுளத்தில் சில்வர் ஜூபிளி ஸ்போர்ட்ஸ் கிளப் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை நடத்திவருகிறது. மே மாதம் வந்தால் வங்கி அணியும் இராணுவ அணியும் அந்தச் சிற்றூர்த் திடலுக்கு வந்து சேரும். மாங்காய்க் காலமும் கூடைப்பந்துக் காலமும் அங்கே ஒன்று. பருவம் என்பதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. கோயம்புத்தூரின் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பையும் இவ்வகையதே. இவற்றுக்குத் தொலைக்காட்சி ஒப்பந்தமும் இல்லை, விலங்குப் பெயரும் இல்லை. 'வட்டார அடையாளம்' பற்றி எழுதுவோர் இவற்றை மேற்கோளாகக்கூடத் தொடுவதில்லை. 'லீக்' என்று பெயரிட்டிருந்தால் தொட்டிருப்பார்கள் போலும்.

"எதுவும் தொடக்கத்தில் இப்படித்தான், பொறுமை வேண்டும்" என்பர். பொறுக்கச் சொல்வது யாரை? இந்நாட்டில் கூடைப்பந்து வீரர்க்குச் சோறு போடுவது ரயில்வே, கேரள மின்வாரியம், இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காவல்துறை முதலியவற்றின் விளையாட்டு ஒதுக்கீடு. இருபத்து மூன்று வயதில் அந்த வேலையைப் பற்றிக்கொள்வதா, அடுத்த ஆண்டு இருக்குமோ இராதோ என்று தெரியாத லீகை நம்புவதா என்ற கேள்விக்கு எல்லைப்புறத்து எளிய குடும்பம் சொல்லும் விடை ஒன்றே. அது சரியான விடை. திறமை குன்றியதால் லீக் நிற்கவில்லை என்று நினைப்பவர்கள் வரிசையை மாற்றிப் படிக்கிறார்கள்: லீக் நிலைக்காததால்தான் திறமை அரசு அலுவலகத்தில் கையொப்பமிடுகிறது. பெண்களுக்கு அந்தத் தெரிவும் இல்லை. 2022–23 இல் ஆடியவர்கள் ஆண்கள் மட்டுமே. கேரளக் கூடைப்பந்தின் பெயரை வெளிநாட்டுக்குக் கொண்டுசென்றவர்களோ கீது அன்னா ஜோஸும் பி.எஸ். ஜீனாவும், இருவரும் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார்கள். கொச்சியின் பெயரில் அணி அமைத்தவர்கள் கேரளத்தின் எந்த மரபைக் கண்டு அமைத்தார்கள்?

கூட்டமைப்பு செய்யக்கூடியது கடினமானதன்று. மூன்று ஆண்டுக்கான ஆட்ட நாட்களை முன்கூட்டியே அறிவிக்கட்டும். ஒவ்வோர் அணிக்கும் தன் ஊரில் ஒரு சுற்றேனும் கட்டாயமாக்கட்டும். ஒரு சுற்றைப் பெரியகுளத்துக்குக் கொண்டுபோகட்டும். பார்வையாளரைத் தேட வேண்டியிராது. ஆண்கள் ஆடும் அதே வாரத்தில் அதே திடலில் பெண்களும் ஆடட்டும்.

நம் தரப்பிலும் ஒன்று உண்டு. அடுத்த கருத்தரங்கில் 'லீகும் வட்டார அடையாளமும்' என்று கட்டுரை படிக்கவிருக்கும் நண்பர், எந்த அணி தன் ஊரில் எத்தனை ஆட்டம் ஆடியது என்ற அட்டவணையை முதற்பக்கத்தில் இடட்டும். அதன் பிறகு கோட்பாட்டைப் பேசலாம்.