முள் ஏறினால் இஞ்சினைப் பிரிக்காதீர்கள்

கார் சூடாகிறது என்றால் நம் ஆட்களுக்கு இரண்டே வைத்தியம்தான் தெரியும். ஒன்று, தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூரப் போடுவது. இன்னொன்று, இஞ்சினைப் பிரித்து விடுவது. முதலாவதில் செலவில்லை. இரண்டாவது கையிருப்பைக் கரைத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் யாரும் செய்யாத ஒரு வேலை இருக்கிறது. ஏன் சூடாகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அது. பழைய காருக்குக் கொடுக்கிற பணத்தில் முதல் பணம் அந்த வேலைக்குத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி.

இதை இப்போது எழுதக் காரணம், என் சித்தப்பா மகனுடைய பிள்ளை பிரான்சிலிருந்து அனுப்பிய ஒரு காகிதம். அவன் அப்பா சொல்தாவாக இருந்து, பென்ஷன் வாங்கி, துலூஸ் பக்கம் குடியேறியவன். ஓய்வு பெற்ற பிறகு ஆசைப்பட்டு ஒரு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500 வாங்கினான். 1978 மாடல். கூரை மடக்கும் இரண்டு ஆள் ஸ்போர்ட்ஸ் கார். அவன் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. வண்டி மட்டும் பிள்ளையிடம் நிற்கிறது.

“பெரியப்பா, ஹைவேயில் போனால் சூடாகுது. இஞ்சினைப் பிரிக்கணுமாம். இல்லைன்னா வித்துடச் சொல்றாங்க” என்றான் போனில். பட்டறைக்காரர் கொடுத்த தெவி, அதாவது செலவு மதிப்பீடு, வாட்ஸ்அப்பில் வந்தது. இரண்டாயிரம் யூரோவுக்கு மேல். பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு இந்த வயதில் இதற்காவது பயன்பட்டது. வரி வரியாக வாசித்தேன். ஹெட் காஸ்கெட் மாற்றுதல், வாட்டர் பம்ப் மாற்றுதல், ரேடியேட்டர் மாற்றுதல், ஹோஸ்கள் மாற்றுதல். ‘மாற்றுதல்’ நான்கு இடத்தில் இருந்தது. ‘சோதித்தோம்’, ‘அளந்தோம்’ என்று ஒரு இடத்திலும் இல்லை. காரணம் எழுதாமல் உத்தரவு மட்டும் எழுதின கோப்பு மேசைக்கு வந்தால் நாம் என்ன செய்வோம்? விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்புவோம். இதற்கும் அதுதான் சரி.

ஸ்பிட்ஃபயர் நம் தலைமுறைக்கு முழுக்க அந்நியம் இல்லை. 1961 முதல் மதராஸில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஞாபகம் இருக்கிறதா? பானெட் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாக முதலை வாய் போலத் திறக்குமே, அந்த வண்டிதான். ஸ்பிட்ஃபயர் அதன் தம்பி. ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி அதன் மேல் கட்டியது. இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் ஜோவான்னி மிக்கெலோட்டி. இஞ்சினும் ஒரே வம்சம். 1953இல் ஸ்டாண்டர்டு எய்ட்டில் 803 சிசியாகப் பிறந்தது, மதராஸ் ஹெரால்டில் 948 ஆனது, கடைசி ஸ்பிட்ஃபயரில் 1493 வரை வளர்ந்தது. இஞ்சின் பெருத்தால் வெளியேற்ற வேண்டிய சூடும் கூடும். ஸ்போர்ட்ஸ் காரின் மூக்கோ தாழ்வானது, காற்று புகும் வழி குறைவு. அதனால் இந்த வண்டியில் காற்றோட்டத்தை அலட்சியம் செய்யக் கூடாது.

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் கேள்வி கேட்க மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. பையனிடம் நான் கேட்டவை இவைதான்.

முதல் கேள்வி, எப்போது சூடாகிறது? பாதி வியாதி இந்தப் பதிலில் தெரிந்துவிடும். சிக்னலில் நிற்கும்போது சூடேறி, ஓடும்போது தணிந்தால் ஃபேனைப் பார்க்க வேண்டும். நிற்கிற வண்டிக்கு ஃபேன்தான் காற்று. ஊருக்குள் ஒழுங்காக இருந்து, வேகமாகப் போகும்போது மட்டும் ஏறினால் ஃபேன் குற்றவாளி இல்லை. ரேடியேட்டர் குழாய்கள் உள்ளே அடைத்திருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சலில் ஒடுங்கலாம், காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போகலாம், இக்னிஷன் டைமிங் பிந்தியிருக்கலாம், பெட்ரோல் கலவை மெலிந்திருக்கலாம். பையன் சொன்னான்: “ஊருக்குள்ள ஒண்ணும் இல்லை பெரியப்பா. நூறுக்கு மேல போனாத்தான்.”

இரண்டாவது, முள் சொல்வது உண்மையா? அந்தக் கால ஆங்கிலேய வண்டிகளில் டாஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டி போல ஒரு சின்னப் பெட்டி இருக்கும். வோல்டேஜ் ஸ்டெபிலைசர். டெம்பரேச்சர் முள்ளுக்கும் பெட்ரோல் முள்ளுக்கும் அது சராசரி 10 வோல்ட் அனுப்பும். அது கெட்டு முழு பேட்டரி வோல்டேஜும் போனால் இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறும். பெட்ரோல் போடாமலே டாங்க் நிறைந்ததாகக் காட்டினால் சூடு இஞ்சினில் இல்லை, பெட்டியில்தான். பையனுடைய பெட்ரோல் முள் ஒழுங்காக இருந்தது. ஆகவே சூடு மெய்தான்.

மூன்றாவது, தண்ணீரும் மூடியும். இஞ்சின் ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும், சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். கொதிக்கிற இஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை. 13 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கும் மூடி, தண்ணீரை 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் அடக்கி வைக்கும். அதன் ரப்பர் வாஷர் செத்துவிட்டால் 100இலேயே கொதி வந்துவிடும். மலிவான பொருள். அதை மாற்றிப் பார்க்காமல் இஞ்சினைத் தொடுவது அநியாயம். புது மூடி போட்டுப் பார்த்தான். வித்தியாசம் இல்லை.

நான்காவது, ஹெட் காஸ்கெட் போனதற்கு அடையாளம் உண்டா? ஆறின இஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வருவது, தண்ணீர் சூடாகும் முன்பே ஹோஸ் கல் மாதிரி விறைப்பது, ஆயில் பால் கலந்த காப்பி நிறமாவது, புகையில் வெள்ளையும் இனிப்பு வாடையும், சொட்டு ஒழுகாமலே தண்ணீர் குறைவது. இவற்றில் ஒன்றும் இல்லை. பிறகு எந்த ஆதாரத்தில் இஞ்சினைப் பிரிப்பது?

ஐந்தாவதாகக் கேட்டேன்: “சூடு ஆரம்பிக்கும் முன்னால் வண்டியில் கடைசியாக என்ன வேலை பார்த்தீங்க?” அப்போதுதான் சொன்னான். போன வருடம் ரேடியேட்டரைக் கழற்றி, ஒழுகல் அடைத்து, பெயின்ட் அடித்து மாட்டினார்களாம். பானெட்டைத் திறந்து படம் அனுப்பச் சொன்னேன். ரேடியேட்டருக்கு இருபுறமும் இருக்க வேண்டிய அட்டைகள் இல்லை. பார்வைக்கு மட்டமான கனத்த அட்டைதான். அதன் வேலையோ பெரிது. முன்னால் புகும் காற்றைத் தப்ப விடாமல் ரேடியேட்டருக்குள் திருப்பி விடுவது. காற்று சோம்பேறி, இடுக்கு இருந்தால் அந்த வழியாகவே போய்விடும். நனைந்து நைந்துபோன அட்டை என்று யாரோ குப்பையில் போட்டிருக்கிறார்கள்.

பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மெல்லிய பிளைவுட்டில் அதே அளவுக்கு வெட்டி மாட்டினான். மறுநாள் அதே ரோட்டில் நூற்றுப் பத்தில் ஓட்டினான். முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே போய் அங்கேயே நின்றது. “அப்பா ஓட்டும்போதும் அங்கதான் நிக்கும் பெரியப்பா” என்றான். விற்கிற பேச்சு அதோடு நின்றது.

இனி அந்தத் தெர்மோஸ்டாட் விஷயம். நம் ஊரில் அம்பாசடர், ஃபியட் காலத்திலிருந்து வரும் பழக்கம் இது. “நம்ம வெயிலுக்கு எதுக்கு சார்?” என்று கழற்றி விடுவார்கள். தெர்மோஸ்டாட் 82 டிகிரி வாக்கில் திறந்து, இஞ்சினை அது வேலை செய்ய வேண்டிய சூட்டில் நிறுத்துகிறது. அது இல்லாவிட்டால் இஞ்சின் சீக்கிரம் சூட்டுக்கு வராது. பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கிச் சகதியாகும், சிலிண்டர் தேயும். சந்தேகமாக இருந்தால் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து உள்ளே போட்டுப் பாருங்கள். திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் புதிது வாங்குங்கள். காய்ச்சல் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை உடைப்பவன் உண்டா?

பட்டறைக்காரர்களை மட்டும் குறை சொல்வதில் நியாயம் இல்லை. காஸ்கெட்டுக்கு நூறு யூரோ என்றால் கொடுத்துவிடுகிறோம். “அரை மணி நேரம் பார்த்தேன், காரணம் இது, அதற்குக் கூலி இவ்வளவு” என்றால் “சும்மா பார்த்ததற்கா?” என்று சண்டைக்குப் போகிறோம். நாம் சாமானுக்குப் பணம் தருகிறோம், புத்திக்குத் தர மாட்டோம். ஆகவே அவர்களும் சாமானை விற்கிறார்கள். டாக்டரிடமும் இப்படித்தான், மருந்துச் சீட்டு நீளமாக இருந்தால்தான் நமக்குத் திருப்தி.

பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கும், வெளிநாட்டில் வைத்திருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் நான் சொல்வது இதுதான். பட்டறையில் விடும்போது “சரி பண்ணிடுங்க” என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். “என்ன காரணம் என்று மட்டும் முதலில் கண்டுபிடித்துச் சொல்லுங்கள், அதற்குத் தனியாகக் கூலி தருகிறேன்” என்று சொல்லுங்கள். எப்போது சூடாகிறது, கடைசியாக என்ன வேலை நடந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். செலவில்லாத சோதனை முதலில், பெரிய செலவு கடைசியில். காஸ்கெட்டே போயிருந்தால் பிரித்துத்தான் ஆக வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் அதற்கான அத்தாட்சியைக் கண்ணால் பார்த்த பிறகு சம்மதியுங்கள்.