நெல்லைக் குள்ளமாக்கும் பூச்சி

2022-ம் ஆண்டு பஞ்சாபின் நெல் வயல்களில் ஒரு விபரீதக் காட்சி தென்பட்டது. ஒரே நாளில் நட்ட பயிரில் சில தூர்கள் செழித்து ஓங்கியிருக்க, பக்கத்துத் தூர்கள் பாதி உயரங்கூட எட்டாமல் குன்றி நின்றன. விதைக் கோளாறா, உரக் குறைவா? லூதியானாவிலுள்ள பஞ்சாப் விவசாய சர்வகலாசாலையின் விஞ்ஞானிகள் சோதித்ததில் இரண்டும் இல்லை என்று தெரிந்தது. அது வைரஸ் நோய். சீனாவின் குவாங்துங் மாகாணத்தில் 2001-ல் முதன்முதலாகக் காணப்பட்டு, பின்னர் தென் சீனாவிலும் வியட்நாமிலும் பெரும் சேதம் விளைவித்த நோய்தான் அது.

இந்த வைரஸைச் சுமந்து வருவது வெண்முதுகுத் தத்துப்பூச்சி. நம் குடியானவர்கள் நன்கறிந்த புகையானுக்கு இது பங்காளி. புகையான் கூட்டமாகச் சாற்றை உறிஞ்சி வயலையே தீய்த்துவிடும். அந்தச் சேதத்துக்குப் பூச்சிகள் ஏராளமாக வேண்டும். வைரஸ் விஷயம் அப்படியல்ல. நோய் ஏறிய சில பூச்சிகளே போதும்.

பூச்சி நோயுற்ற பயிரின் சாற்றைக் குடிக்கும்போது வைரஸ் அதன் குடலுக்குள் புகுகிறது. அங்கே பெருகி, உடலெங்கும் பரவி, உமிழ்நீர்ச் சுரப்பியை எட்டச் சுமார் ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதன் பிறகு பூச்சி சாகும்வரை, குத்தும் பயிருக்கெல்லாம் நோயைக் கொடுக்கும் வல்லமை பெறுகிறது. ஆனால் இந்த வைரஸ் முட்டை வழியாகக் குஞ்சுக்கு இறங்குவதில்லை. நெல் விதை மூலமும் பரவுவதில்லை. ஒவ்வொரு தலைமுறைப் பூச்சியும் நோயுற்ற செடியிலிருந்தே அதைப் புதிதாகப் பெற வேண்டும். சங்கிலியை அறுக்க வழி இங்கேதான் இருக்கிறது.

குன்றிய தூருக்கு மருந்து கிடையாது. பயிர் குள்ளமான பிறகு தெளிப்பானைத் தூக்கினால் அந்தத் தூர் பிழைக்காது. கண்மூடித்தனமாகத் தெளித்தாலோ பூச்சியைத் தின்னும் சிலந்திகளும் மடிந்து, பூச்சியே பெருகும். இந்தோனேசியா இதைப் பட்டறிந்து, புகையான் தொல்லையை முன்னிட்டு 1986-ல் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது.

ஆகவே கவனம் நாற்றங்காலில் இருக்க வேண்டும். இளம் வயதில் நோய் பற்றினால்தான் சேதம் அதிகம். 2022-ல் முந்தி நட்ட பயிரே அதிகம் பாதிக்கப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கது. பஞ்சாபில் நடவுத் தேதியை சர்க்காரே நிர்ணயிக்கிறது. நிலத்தடி நீரைக் காக்க 2009-ல் அதற்குச் சட்டமே இயற்றினர். ஆனால் 2025-ல் ஜூன் 1 முதலே நடவுக்கு அனுமதி அளிக்கப்பட்டது. அறுவடை முந்தினால் நெல்லில் ஈரம் குறையும், மண்டியில் விலை பேசுவதில் சிக்கல் இராது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்த ஆண்டே குள்ள நோயும் மீண்டும் தலைகாட்டியது.

தேதிதான் ஒரே காரணம் என்று தீர்ப்புக் கூறுவது அவசரமாகும். எனினும் மண்டியையும் கிணற்றையும் மட்டும் பார்த்து நடவு நாளைக் குறிப்பது போதாது. பூச்சியின் பஞ்சாங்கத்தையும் புரட்டிப் பார்த்தாக வேண்டும். நாற்றங்காலை வாரந்தோறும் தட்டிப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. குன்றிய பயிரைக் கண்டு கலங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.