பீட்ரூட்டும் சுவரொட்டியும்

அக்கா மகள் கல்லூரி விடுதியில் மயங்கி விழுந்துவிட்டாள். பத்தொன்பது வயசு. ரத்தத்தைச் சோதித்ததில் ஹீமோகுளோபின் 8 கிராம். பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூடவே வாய்வழியாக ஒரு பட்டியலும் சொன்னார்: மாதுளை, பீட்ரூட், பேரீச்சம்பழம், கீரை. அக்கா களையெடுக்கப் போகிறவள். இரண்டு நாள் கூலியை மாதுளையாக மாற்றி மஞ்சப்பையில் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். "செவப்பா இருக்குல்லடா தம்பி, ரத்தம் ஊறுமாம்" என்றாள்.

சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமாகிவிடும் என்றால் மிளகாய்ப்பழம் தின்றே பிழைத்துக்கொள்ளலாம். நூறு கிராம் மாதுளை முத்தில் அரை மில்லிகிராம் இரும்பு கூட இல்லை. பீட்ரூட்டிலும் பேரீச்சையிலும் சுமாராக ஒரு மில்லிகிராம். ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. அதே நூறு கிராம் மாட்டு ஈரலில் 5, கோழி ஈரலில் 9. சுவரொட்டி என்று கறிக்கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்த மண்ணீரலில் நாற்பதுக்கு மேல். அளவு மட்டுமல்ல விஷயம். கறியிலும் ரத்தத்திலும் உள்ள இரும்பை உடம்பு லேசாக எடுத்துக்கொள்ளும். கீரை, தானியத்தில் உள்ளதில் பெரும்பகுதி வந்த வழியே போய்விடும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் கெட்டது. ஆனால் கீரையோடு கொஞ்சம் கறியோ மீனோ சேர்ந்தால், கீரையின் இரும்பும் கூடுதலாக உடம்பில் ஒட்டும். எங்க ஆயா முருங்கைக்கீரையில் கருவாடு போட்டுக் குழம்பு வைத்தது எந்தப் புத்தகத்தைப் படித்து?

வயசுக்கு வந்த பெண்ணுக்கும் ரத்தப்போக்கில் சோர்ந்தவளுக்கும் சேரியில் சுவரொட்டியும் ரத்தப்பொரியலும்தான் கொடுத்தார்கள். டாக்டரின் பட்டியலில் இவை ஏன் இல்லை? அவர் கெட்டவர் இல்லை, அக்கறையாகத்தான் பேசினார். ஆனால் 'ஆரோக்கிய உணவு' என்றதும் அவர் நினைவுக்கு வருவது ஒரு குறிப்பிட்ட சாதியின் அடுப்படி. அந்த அடுப்படிக்கு வெளியே வெந்தது எதுவும் அவர் வாயில் சொல்லாக வருவதில்லை.

பெண்ணைக் கேட்டேன். விடுதிக்குப் போனதிலிருந்து மாட்டுக்கறியை விட்டுவிட்டாளாம். "நாத்தம்னு சொல்றாளுங்க மாமா. அது சூடு, சொறி வரும், மூணு நாளு செரிக்காது, புத்தி மழுங்கும்னு வேற சொல்றாளுங்க." மூன்று நாளெல்லாம் கிடையாது. எந்தக் கறியும் சில மணி நேரத்தில் வயிற்றை விட்டு இறங்கிவிடும். புத்தி மழுங்கும் என்பதைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? நரம்புக்கும் ரத்தத்துக்கும் தேவையான வைட்டமின் பி12 இயல்பாகக் கிடைப்பதே கறி, மீன், முட்டை, பாலில்தான்; காய்கறியில் கிடையாது. மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை 1948-லேயே அண்ணல் அம்பேத்கர் 'தீண்டப்படாதார்' நூலில் எழுதிவிட்டார். அன்றைக்குத் 'தீட்டு' என்றவர்கள் இன்றைக்குக் 'கொழுப்பு', 'சாத்வீகம்' என்கிறார்கள். சொல் மட்டும் மாறியிருக்கிறது.

குழந்தைகளையும் இவர்கள் விடுவதில்லை. 2015-ல் மத்தியப் பிரதேச முதலமைச்சர் அங்கன்வாடியில் முட்டை கூடாது என்றார். 2021-ல் கர்நாடகத்தில் பள்ளிக்கூடத்து முட்டையை மடாதிபதிகள் எதிர்த்தார்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது, அதுவும் உயர்ந்த தரத்தில். தமிழ்நாட்டில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகத் தொடங்கிய சத்துணவு முட்டை, 2010-ல் வாரம் ஐந்தாயிற்று. இதற்குக் குறுக்கே யாரும் விழவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு கூத்து. வங்கியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் தூக்குவாளியைப் பார்த்து, "என்ன சார், கூழா?" என்று சிரித்தவர் இப்போது கேழ்வரகு மாவைப் பளபளப்பான பொட்டலத்தில் வாங்கி வந்து எனக்கே அதன் பெருமையைப் பேசுகிறார். 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்ததும் கூழுக்கு மரியாதை வந்துவிட்டது. நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பது உண்மை. எங்கள் தாத்தன் குடித்த காலத்திலும் அது அவ்வளவு இருந்தது.

நம் ஆட்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் மாட்டைப் புனிதமாக்கியது போல நாம் மாட்டுக்கறியைப் புனிதமாக்க வேண்டாம். அளவுக்கு மிஞ்சிய சிவப்புக் கறி புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் சொன்னது. உப்புக்கண்டத்தில் உப்பு அதிகம், ரத்தக்கொதிப்புக்காரர்கள் குறைக்க வேண்டும். ஈரலில் வைட்டமின் ஏ மிகுதி, கர்ப்பிணிகளுக்கு ஆகாது. 8 கிராமுக்கு இறங்கிவிட்ட ரத்தத்தை ஈரலும் சுவரொட்டியும் மட்டும் தூக்கி நிறுத்தாது, மாத்திரையை விடாமல் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், சேரியில் தினமும் யார் கறி தின்கிறார்கள்? வாரத்தில் ஒருநாள் கறி. மிச்ச நாளெல்லாம் தீட்டிய ரேஷன் அரிசிச் சோறும் ரசமும். வயிறு நிறைகிறது, ரத்தம் ஊறுவதில்லை. 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பருப்பு வாங்கக் கட்டுப்படியாகாத கூலியைப் பேசாமல் சத்தைப் பற்றி வகுப்பெடுப்பது ஒரு மோசடி.

விடுதிகளில் இருக்கும் தோழர்கள் உணவுக் குழுவில் இதைப் பேசுங்கள். முட்டையை, ஈரலை, மாட்டுக்கறியைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஊருக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் கேளுங்கள்: இந்தப் பட்டியலில் சுவரொட்டி எங்கே?

மாதுளையை அக்காவின் சின்னப் பிள்ளைகள் தின்று தீர்த்தன. போன ஞாயிற்றுக்கிழமை அக்கா சுவரொட்டியை மிளகு போட்டு வறுத்து டிபன் பாக்ஸில் கொடுத்தனுப்பினாள். பெண் அதை அறையில் எல்லார் நடுவிலும் திறந்து வைத்துச் சாப்பிட்டாளா, மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாளா, தெரியாது. டப்பா காலியாகத் திரும்பி வந்தது.